பச்சையெல்லாம் காடு ஆகுமா?

மாங்குளத்தில் பஸ் மாறி முல்லைத்தீவு வீதியில் திரும்பியதும் என் பெறாமகள் யன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் வளர்கிற பிள்ளை. பனையும் வேலியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டு பக்கமும் மரமாகவே ஓடுவது பெரிய காட்சி. விடுமுறை முடிந்ததும் அவளுக்குப் பரீட்சை. "உயிர்ப்பல்வகைமையின் முக்கியத்துவங்கள் மூன்று தருக" என்ற கேள்விக்கு மூன்று விடைகளையும் மூச்சு விடாமல் ஒப்புவித்துக் காட்டினாள். சிறிது தூரம் போனதும் வரிசையாக நட்ட தேக்கந்தோட்டம் ஒன்று வந்தது. "இந்தக் காடுதான் வடிவு, சித்தப்பா. எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது!" என்றாள்.

மூன்று விடையும் சரி, பாடம் மட்டும் ஏறவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். மரநடுகை விழாவில் மண்வெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் இதே மயக்கம்தான். ஆகவே அந்தத் தேக்கந்தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தேக்கு இலங்கையின் இயற்கை மரம் அன்று. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. தோட்டத்துக்குள் இறங்கி நடந்தால் எல்லா மரமும் ஒரே இனம், ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரம். கோடையில் இலை கொட்டும்போது எல்லாம் ஒன்றாகக் கொட்டும். சருகு காய்ந்து கிடக்கும்போது ஒரு பீடித்துண்டு போதும். பலகை வேண்டும் என்றால் தேக்கு நல்ல மரம், அதில் வழக்கே இல்லை. ஆனால் பத்து நிமிடம் நடந்தவன் அடுத்த பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் காணமாட்டான்.

வீதிக்கு மறுபக்கம் நிற்பது வேறு. மேலே பாலை குடை பிடிக்கிறது. அதற்குக் கீழே வீரை, முதிரை, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருங்காலி. ஆற்றோரம் என்றால் மருதும் நாவலும். அதற்கும் கீழே பற்றைகள், மரத்துக்கு மரம் தாவிய கொடிகள், கறையான் புற்றுகள், அழுகிக் கிடக்கும் அடிமரங்கள், அவற்றில் காளான். ஒரு மரம் பூக்கும்போது இன்னொன்று காய்க்கும், வேறொன்று இலை உதிர்க்கும். வருடத்தின் எந்த மாதத்திலும் யாரோ ஒருவருக்கு அங்கே சாப்பாடு இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குத்தான் உயிர்ப்பல்வகைமை என்று பெயர். இந்தியாவில் பல்லுயிர் என்று சுருக்கிவிட்டார்கள். நாங்கள் இன்னும் முழு நீளத்தில் எழுதுகிறோம்.

1992இல் ரியோ டி ஜெனீரோவில் உலக நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை இதை மூன்று தட்டுகளில் பார்க்கிறது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. முதல் தட்டு, எல்லோருக்கும் தெரிந்தது: எத்தனை வகை உயிரினங்கள் இருக்கின்றன என்பது. இரண்டாவது, ஓர் இனத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு. நெல் ஓர் இனம். ஆனால் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் ஒன்றல்ல. மூன்றாவது, வாழிடங்களின் வேறுபாடு: காடு, குளம், வயல், களப்பு, கண்டல், கடல். இந்த மூன்றாவதில், நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த வன்னி நிலம் ஒரு பணக்கார வீடு. இரணைமடுக் குளத்தின் நீர் விளிம்பான அலைகரையில் காலையில் நின்றவர், மதியத்துக்குள் காட்டைக் கடந்து நந்திக்கடல் களப்பின் உவர் நீரில் கால் நனைத்துவிடலாம்.

ஆனால் எண்ணிக்கையைச் சொல்லி முடித்துவிட்டால் அது மிருகக்காட்சிசாலைக் கணக்கு ஆகிவிடும். எத்தனை உயிர் என்பதைவிட எது எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் விசயம்.

பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் பழுக்கும். மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பழம், நாக்குக்குத் தேன். தின்று முடித்த பிறகு உதட்டில் பால் ஒட்டிக்கொண்டு அரைநாள் போகாது. மனிதரைப் போலவே கரடிக்கும் அதில் பெரும் பிரியம். அந்தக் காலத்தில் பாலை மரத்தடிக்குப் போகிறவன் முதலில் மேலே பார்க்கவேண்டும் என்று என் ஐயா சொல்லுவார்; கரடி மரத்தில் இருக்கலாம். வயிறு நிறையத் தின்ற கரடி வெகுதூரம் நடந்து எங்கோ எச்சமிடுகிறது. விழுங்கிய கொட்டைகள் பசளையோடு சேர்ந்து புதிய இடத்தில் விழுகின்றன. தாய் மரத்தின் நிழலுக்குள்ளேயே விழுந்த கொட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆக, கரடி பழம் திருடவில்லை, மரம் நடுகிறது. விழா எடுக்காமல் நடுகிறது.

பாலை மெதுவாக வளரும் மரம். வயது போனபிறகு அதில் பொந்து விழும். மரம் பார்க்கிறவன் அதைப் பழுது என்பான். பொந்துத் தேனீ அதை வீடு என்கிறது. கிளிக்கும் ஆந்தைக்கும் இருவாய்ச்சிக்கும் அப்படியே. இருவாய்ச்சிப் பேடு பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சேவல் வெளியே நின்று சிறு துவாரத்தால் உணவு ஊட்டும். அதற்கு ஏற்ற பொந்து இளமரத்தில் கிடைக்காது. ஆகவே ஒரு கிழட்டுப் பாலையை வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாகப் பத்துக் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டுவது எனக்கு விளங்குவதில்லை. அந்தப் பத்திலும் பொந்து விழும்வரை தேனீ எங்கே காத்திருக்கும்?

ஆலமரத்தின் கதை இதைவிட நுட்பமானது. ஆல், அத்தி, அரசு போன்றவற்றின் பூக்கள் காய்போன்ற உறைக்குள் மறைந்திருக்கும். அதற்குள் புகுந்து மகரந்தம் சேர்ப்பது கடுகளவுகூட இல்லாத ஒரு குளவி. பெரும்பாலும் ஒவ்வொரு வகை மரத்துக்கும் தனக்கென்று ஒரு குளவி இனம். குளவி இல்லையென்றால் மரத்துக்கு வித்து இல்லை. மரம் இல்லையென்றால் குளவிக்குப் பிள்ளை இல்லை. இந்த மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை; ஒன்று விட்டு ஒன்று பழுத்துக்கொண்டிருக்கும். காட்டில் வேறு பழம் இல்லாத பஞ்ச மாதத்தில் குரங்கும் வௌவாலும் பறவைகளும் உயிர் தப்புவது இவற்றால்தான்.

"சரி, இதனால் மனிதருக்கு என்ன?" என்று பெறாமகள் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குக் காட்டைவிட்டு வயலுக்கு வரவேண்டும்.

வன்னியில் குளம் என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் அன்று. அணைக்கட்டு, நீர் திறந்துவிடும் துருசு, மிச்ச நீர் வழியும் வான் என்று மனிதர் கட்டிய பகுதி ஒன்று உண்டு. மழைநீர் வந்து சேரும் காடு, அலைகரையில் நிற்கும் மரங்கள், புல், நாணல் என்று யாரும் கட்டாத பகுதி இன்னொன்று. மேலே காடு இருந்தால் மழைநீர் வேகம் தணிந்து, மண்ணை விட்டுவிட்டு வரும். காட்டை அழித்தால் அதே மழை மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து குளத்தில் கொட்டும். குளம் தூர்ந்துபோவதற்கு மேலே வெட்டிய மரமும் ஒரு காரணம். இலங்கையின் உலர் வலயத்தில் ஒரு குளத்தின் மிச்ச நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி தொடராக அமைந்த குளக்கிராம முறையை, உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு ஏற்றுக்கொண்டது. எங்கள் பாட்டன்மார் அந்தப் பத்திரம் இல்லாமலே அலைகரை மருதில் கை வைக்காமல் இருந்தார்கள்.

வயலுக்குள் வந்தால் அறக்கொட்டியான் இருக்கிறது. நெற்பயிரின் அடித்தண்டில் இருந்து சாறு உறிஞ்சும் சிறு கபிலத் தத்தி. பெருகிவிட்டால் வயல் நெருப்பு வைத்ததுபோல் வட்டம் வட்டமாகக் கருகும். கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். ஆனால் வயலில் அறக்கொட்டியானைத் தின்று வாழும் சிலந்திகள் ஏராளம். மருந்து அடித்தால் சிலந்தி சாகிறது. அறக்கொட்டியானின் முட்டையோ இலையுறைக்குள் பதிந்திருப்பதால் தப்பிவிடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிக்கும்; தின்ன ஆள் இல்லை. முன்னைவிட அதிகமாகப் பெருகும். மீண்டும் கடைக்கு ஓட்டம். ஆசியாவின் நெல் வயல்களில் இது பல முறை கண்டறியப்பட்ட உண்மை. சிலந்தி சம்பளம் வாங்காமல் பார்த்த வேலைக்கு நாம் இப்போது லீற்றர் கணக்கில் காசு கொடுக்கிறோம்.

இனி இரண்டாவது தட்டு. பாடநூலில் அதற்குப் பிறப்புரிமைப் பல்வகைமை என்று பெயர் போட்டிருக்கிறார்கள். காணி உறுதி எழுதுகிற வார்த்தை போலிருக்கிறது என்று முதலில் சிரித்தேன். யோசித்தால் பொருத்தமான பெயர்தான். அதுவும் முதுசம் அல்லவா?

1970களின் தொடக்கத்தில் ஆசிய நெல் வயல்களைப் புற்குட்டை நோய் என்ற வைரசு நோய் பிடித்தது. அதைப் பரப்பியதும் இதே தத்திதான். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். நோயைத் தாங்கியது ஒன்றே ஒன்று: இந்தியாவின் உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல். யாரும் விதைக்காத, யாரும் அரிசி ஆக்காத ஒரு புல். அதனோடு கலந்துதான் நோய் தாங்கும் புதிய இனங்களை உருவாக்கினார்கள். அந்தக் காட்டு நெல்லின் இனம் இலங்கையின் உலர் வலயத்து ஈர நிலங்களிலும் வளர்கிறது. களை என்று பிடுங்கி எறிவோம். எதிர்கால நோய் ஒன்றுக்கு மருந்து எந்தக் களைக்குள் இருக்கிறது என்று முன்கூட்டியே அறிய வழி இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்படி வைத்திருந்தோம். மானாவாரிக்குப் பேர்போன மொட்டைக்கறுப்பன், சிவப்பரிசிக்குப் பச்சைப்பெருமாள். ஒவ்வொரு போகத்திலும் நல்ல கதிர் பார்த்துத் தனியே கட்டி வைப்பது அம்மாவின் வேலை. 2008இன் இறுதியிலும் 2009இலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியபோது பிள்ளைகளைத் தூக்கினோம், விதை நெல்லைத் தூக்கவில்லை. திரும்பி வந்தபோது விதைக்கத் தந்தது புதிய இனம். குறை சொல்லவில்லை, அது விளைந்தது, பசி தீர்ந்தது. ஆனால் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வந்த விதை அந்த ஓட்டத்தில் முடிந்துபோனது. போரின் இழப்புப் பட்டியலில் இதை யாரும் எழுதியதாக நான் காணவில்லை. மனித உயிருக்கு முன்னால் இது சிறிய இழப்புத்தான். சிறியது என்பதற்காக இல்லாமல் போகாது.

பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் 1988 முதல் தாவர மரபு வளங்களுக்கான நிலையம் ஒன்று இருக்கிறது. பழைய விதைகளைக் குளிரில் காக்கிறார்கள். பெரிய காரியம். என்றாலும் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும் விதை தூங்குகிறது. வயலில் இருக்கும் விதைதான் ஒவ்வோர் ஆண்டும் புதிய வெயிலையும் புதிய பூச்சியையும் கண்டு பழகுகிறது. 2021இல் இரசாயன உரம் திடீரென்று நிறுத்தப்பட்டபோது வயல்கள் என்ன பாடுபட்டன என்று எல்லோருக்கும் தெரியும். உரத்துக்கென்றே வளர்த்தெடுத்த இனங்கள் உரம் இல்லாமல் திகைத்து நின்றன. கையில் பல வகை இருந்தவனுக்கு மாற்றிப் போட ஏதாவது இருந்திருக்கும்.

அச்சுறுத்தல்களுக்கு வருவோம். உலக அளவில் ஏறக்குறைய 10 இலட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019இல் வெளியான பன்னாட்டு அறிவியல் மதிப்பீடு கூறியது. காரணங்களையும் கனத்தின்படி வரிசைப்படுத்தியது: நிலத்தையும் கடலையும் நாம் பயன்படுத்தும் விதம் மாறியது முதலாவது, நேரடியாக அள்ளி எடுப்பது அடுத்தது, பிறகு காலநிலை மாற்றம், மாசு, அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள். வன்னிக்கும் இந்த ஐந்தும் பொருந்தும், ஆனால் இங்கே அவற்றுக்கு வேறு முகம்.

முதலாவதைப் பேசினால் காணிப் பிரச்சினை வந்துவிடும். போரினால் பத்து, இருபது வருடம் கைவிடப்பட்ட வயல்களில் பற்றை வளர்ந்து காடாகிவிட்டது. கண்ணிவெடிக்குப் பயந்து மனிதர் போகாத இடங்களில் மிருகங்கள் குடியேறின. திரும்பி வந்தவர் தன் காணியைத் துப்புரவாக்கப் போனால் அது காடு என்று எல்லைக்கல் நிற்கிறது. உறுதி இருக்கிறவன் பற்றை வெட்டியதற்கு வழக்குக்கு அலைகிறான். இரவில் முதிரைக் குற்றி ஏற்றிய லொறியும் ஆற்று மணல் ஏற்றிய டிப்பரும் தங்கள் பாட்டில் போகின்றன. இதைப் பார்த்த சனத்துக்கு இயற்கைப் பாதுகாப்பு என்ற சொல்லே கசக்கிறது. நான் காட்டின் பக்கம். அதனாலேயே சொல்கிறேன்: உழவனை எதிரியாக்கிய காவலால் காட்டைக் காக்க முடியாது. அவனுக்குத்தான் எந்த மரம் எப்போது பழுக்கும் என்று தெரியும்.

காடு முழுதாகப் போகவேண்டும் என்றில்லை, துண்டானாலே போதும். யானைக்கு ஒரு காடு போதாது. கோடையில் ஒரு குளம், மாரியில் இன்னொரு காடு என்று நடக்கும். 2011இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 5,879 யானைகள். அவை காலங்காலமாக நடந்த வழியில் இப்போது வேலியும் வீடும் தோட்டமும். வழிமாறி வருகிற யானை ஓர் இரவில் ஒருவரின் முழுப் போகத்தையும் முடித்துவிடும். அவர் சட்டவிரோத மின்கம்பி இழுப்பார். இரண்டு பக்கமும் சாவு. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. ஆத்திரத்தில் அதை அடித்துக் கொன்றார்கள், படமும் எடுத்துப் பரப்பினார்கள். நாடே திட்டியது. காயப்பட்டவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. படத்துக்குச் சிரித்த முகங்கள்தான் விளங்கவில்லை.

அள்ளி எடுப்பது என்றால் களப்பைப் பாருங்கள். மாரியில் முகத்துவாரம் திறக்கும்போது கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வரும், கண்டல் வேர்களுக்கிடையில் வளரும். தடைசெய்யப்பட்ட, ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலையும் கண் சிறுத்த வலையும் போட்டால் வளரவேண்டியதையும் சேர்த்து அள்ளும். அடுத்த வருடம் வலைக்கு எதுவும் இல்லை. வெளிக்கடலில் அடித்தளத்தைச் சுரண்டும் இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எல்லை தாண்டி வருகிற இழுவைப்படகுகளுக்கு அந்தச் சட்டம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

அந்நிய இனம் என்றதும் பாத்தீனியம். வெள்ளைப் பூவோடு வீதியோரம் அப்பாவி போல நிற்கும். இந்திய இராணுவத்துக்கு உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு 1980களின் இறுதியில் வந்ததாகச் சொல்லுவார்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு. மேய்ச்சல் நிலத்தில் புல்லைத் தள்ளிவிட்டுத் தான் நிற்கும். ஆனால் வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதி என்றும் சொல்ல முடியாது. 1952இல் கொண்டுவந்து விட்ட ஆபிரிக்கத் திலாப்பியா இன்று குளத்து மீன்பிடியையே தாங்குகிறது. விரால் பிரியர்கள் முகம் சுளிக்கலாம், சட்டி நிறைவது திலாப்பியாவால்தான்.

மாசுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. குப்பை மேட்டில் சொப்பின் பையோடு சாப்பாட்டைத் தின்னும் யானையின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலநிலை வேறு விதமாக உறைக்கிறது. ஒரு வருடம் குளத்தின் அடி வெடிக்கிறது. இன்னொரு வருடம், 2018 மார்கழியில் போல, இரணைமடுவின் வான்கதவுகள் எல்லாம் திறந்து கிளிநொச்சியே தண்ணீரில் நிற்கிறது. இப்படித் தளும்புகிற காலத்தில் வறட்சியைத் தாங்கும் நெல்லும் வெள்ளத்தைத் தாங்கும் நெல்லும் இரண்டும் வேண்டும். எது எந்த வருடம் உதவும் என்று வாக்கியப் பஞ்சாங்கம்கூடச் சொல்லாது.

பெறாமகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். எங்கள் குளத்து அலைகரையில் ஒரு கயிற்றால் பத்து அடி நீளம், பத்து அடி அகலம் கட்டி, அதற்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ணச் சொன்னேன். முப்பத்தொன்று என்று வந்தாள். எனக்குப் பதினான்கின் பெயர்தான் தெரிந்தது. அப்பம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் அங்கே இருத்தினோம். அவர் இருபத்தெட்டைச் சொன்னார். எதைக் கறிக்கு ஆயலாம், எதை மாடு முகராது என்பதையும் சேர்த்து. மிச்சம் மூன்றில் ஒரு கொடியைக் கையில் எடுத்து நெடுநேரம் முகர்ந்து பார்த்தார். "பெயர் மறந்துபோச்சுது மோனை. கன்று ஈன்ற மாட்டுக்குப் பால் வற்றினால் என் ஐயா இதைத்தான் பிடுங்கி வருவார்" என்றார். பிள்ளை கொப்பியில் அந்த இடத்தைப் பெயர் இல்லாமலே விட்டு, இலையை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறாள்.